பால் வண்டி தாமதமான கதை

உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே சிரித்துப் பேச எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். போன மாதம் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் கேன்டீனைச் சுற்றிக் காட்டினார்கள். சோறு நீராவியில் வேகிறது, தட்டை மெஷின் கழுவுகிறது. பரிமாறுகிறவர்களுக்குத் தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. இன்றைய சாம்பாரில் எவ்வளவு புரதம் என்று பார்த்துச் சொல்ல டயட்டீஷியன் என்று ஒரு பெண் இருக்கிறார். அவருக்குத் தனி மேஜை, தனி ஃபேன். நான் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் காலத்தில் கேன்டீனில் ஃபேன் எல்லாம் சாப்பிடுகிறவர்கள் பக்கம்தான் சுற்றும்.

கேன்டீன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சமையலைப் பற்றி எழுதப் போவதில்லை, அதை மெஷின் பார்த்துக்கொள்ளும். நான் ஒரு டீயை நிறுத்திய கதையைச் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க அடுப்படியில் நின்றவன் நான். அதில் நெஞ்சைத் தட்டிச் சொல்லிக்கொள்ளும்படி செய்த காரியம் அது ஒன்றுதான். அதற்கான நல்ல பெயர் வேறு ஆளுக்குப் போனது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் நான் கேன்டீன் மாஸ்டராக இருந்தேன். லைனில் உட்கார்ந்து ஒயர் பின்னுவது முழுக்கச் சுற்று வட்டார ஊர்ப் பெண்கள். என் சாம்பாரை யாரும் புகழ்ந்ததில்லை, பொரியலை நிறையக் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என் டீயைக் குறை சொன்ன ஆள் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் கெட்டியாக, நிறமாக, நாக்கில் நிற்கிற மாதிரி ஒரு டீ தருவேன். அதற்காகவே சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு டம்ளரோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையைப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த சம்பளம்.

அந்த வருஷம்தான் கம்பெனியில் முதல் முதலாக ஒரு நர்ஸைப் போட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வந்த வாரமே கேன்டீன் சுவரில் பெரிய படம் ஒன்றை ஒட்டினார். ரத்தம், எலும்பு, பல் என்று மூன்று கட்டம். ரத்தத்துக்கு ஈரல், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். எலும்புக்குக் கேழ்வரகு, எள், நெத்திலி, மோர். பல்லுக்கு நெல்லிக்காய், கொய்யா, பச்சைக் காய்கறி. மிட்டாய்க்கு மட்டும் குறுக்கே சிவப்புக் கோடு. எல்லாம் சரிதான். ஆனால் அதை ஒட்டிய இடம், இன்றைய சாப்பாடு என்ன என்று நான் சாக்பீஸில் எழுதும் பலகை மாட்டியிருந்த இடம். என் பலகையைக் கழற்றிக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள்.

அதோடு விட்டாரா? "அண்ணாச்சி, காலையில கேப்பைக் கூழ் காய்ச்சிக் குடுங்க. எலும்புக்கு நல்லது பாத்துக்கிடுங்க" என்றார். கேழ்வரகை ஊறவைத்து அரைத்தது நான், கட்டி விழாமல் கிண்டியது நான், மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டதும் நான். கேட்டு வாங்கிக் குடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் சிஸ்டர் கூழ்.

"மாஸ்டர், சிஸ்டர் கூழு இன்னும் கீதா?" என்று கேட்பார்கள். என் காதில் புகை வரும்.

கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்ல மனுஷி. யாருக்கு என்ன உடம்பு என்று கேட்டு வைத்துக்கொண்டு மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். நான் பல வருஷம் சோறு போட்டவர்கள் என்னைக் கடந்து போய் அவரிடம் சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டு வந்து "அங்கே ருசியாக இருக்கிறது" என்று சொல்லும் பிள்ளையைப் பார்க்கும் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது.

இப்போது அஞ்சலைக்கு வருகிறேன். வடக்குப்பட்டிலிருந்து வந்த பயிற்சிப் பெண். கல்யாணம் ஆகவில்லை. ஒரு நாள் அரிசி மூட்டைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுப் போனேன். கை நிறையப் பச்சரிசியை வைத்துக்கொண்டு நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருந்தாள்.

"யாம்மா, நான் சோறு போடலியா? இன்னாத்துக்கு அரிசியத் துன்னுகினு கீற?" என்று சத்தம் போட்டேன்.

"திருடல மாஸ்டர். வாய் கேக்குது. வுட முடியல" என்றாள். வாயைத் திறந்தபோது கடைவாய்ப் பல் ஓரம் சில்லாகப் போயிருந்தது தெரிந்தது.

சத்தம் கேட்டு வந்த சிஸ்டர் அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. "வையாதீங்க அண்ணாச்சி. இது திருட்டு இல்ல, சோகை. ரத்தத்துல இரும்பு குறைஞ்சா சில பேருக்கு இப்பிடித்தான் அரிசி, சாம்பல், செங்கப்பொடின்னு வாய் கேக்கும். அதைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லையும் ஒடைச்சு வச்சிருக்கா பாருங்க" என்றார்.

அடுத்த வாரம் வந்த கம்பெனி டாக்டரும் அதையேதான் சொன்னார். நிரந்தரமாக்கும் முன் எல்லாப் பயிற்சிப் பெண்களுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அஞ்சலை அதில் தேறவில்லை. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, பொங்கல் முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுப்போம், அதிலும் ஏறாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா செங்கல் சூளையில் கல் அறுத்து அறுத்து முதுகு வளைந்து கிடந்தார். இந்த வேலை போனால் அஞ்சலைக்கும் சூளைதான்.

எனக்கு அவளைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. என்னால் என்ன முடியும்? டீதான் முடியும். மற்றவர்களுக்கு ஒரு டம்ளர் என்றால் அவளுக்கு மட்டும் தூள் தூக்கலாகப் போட்டு இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன். மாத்திரையை வாயில் போட்டு என் டீயோடு விழுங்குவாள். பார்க்க நிறைவாக இருக்கும்.

தீபாவளி முடிந்து சில நாள் கழித்து சிஸ்டர் கேன்டீனில் வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. அஞ்சலையின் ரத்தத்தை நடுவில் ஒரு முறை சோதித்துப் பார்த்திருக்கிறார். கொஞ்சமும் ஏறவில்லை.

"மாத்திரைய ஒழுங்காத்தான் சாப்பிடுதேன்னு சத்தியம் பண்ணுதா. கீரையும் திங்கா. எங்க கோளாறுன்னு வெளங்கல அண்ணாச்சி."

எல்லாம் தெரிந்தவருக்கு ஒன்று தெரியவில்லை என்றதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் என் பெருமையையும் கொஞ்சம் எடுத்துவிடலாம் என்று தோன்றியது.

"சிஸ்டர், ஒண்ணு சொல்றேன். உங்க மாத்திரை அவ தொண்டைல எறங்கறதே என் டீயாலதான். சோறு துன்ன கையோட கெட்டியா ஒரு டீ தர்றேன், அதுலதான் மாத்திரையப் போட்டுக்குறா. பாவம், வெளுத்துப் போயி கீறாளேன்னு ரெண்டாவது டம்ளரும் நான்தான் தர்றேன்" என்றேன்.

சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "டீயோடயா முழுங்குதா? சாப்பிட்ட உடனயா? ரெண்டு டம்ளரா?"

ஒவ்வொரு கேள்விக்கும் நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

"அடப் பாவி மனுசா!" என்றார்.

பிறகு உட்கார வைத்துச் சொன்னார். டீயின் துவர்ப்பு, சோற்றிலும் கீரையிலும் மாத்திரையிலும் இருக்கிற இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். உடம்பில் சேரவேண்டியது சேராமல் வெளியே போய்விடுமாம். பால் சேர்ந்தாலும் அதே கதைதான். டீ எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கெடுதல். "டீ விஷம் இல்ல அண்ணாச்சி. நேரந்தான் தப்பு. சாப்பிட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிச்சா போதும். நெல்லிக்கா, எலுமிச்ச மாதிரி புளிப்பா ஏதாவது கூடச் சேந்தா இரும்பு நல்லாப் பிடிக்கும்."

நான் பாவப்பட்டுக் கொடுத்த இரண்டாவது டம்ளர்தான் அவள் ரத்தத்தைத் தின்றிருக்கிறது. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஊரே குடிக்கிற டீயை இந்தப் பெண்மணி மட்டும் குற்றம் சொல்கிறாரே, என்னிடம் மிச்சம் இருந்த ஒரே பெருமையும் இவருக்குப் பொறுக்கவில்லையா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கீழ் இமை கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

அஞ்சலையைக் கூப்பிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு டீ கூடாது என்று சிஸ்டர் சொன்னார். அவளும் சரி என்றாள். விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

சில நாளில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் வந்து நின்று அழுதாள். "எனக்கு டீ குடுத்துடு மாஸ்டர். எல்லாரும் குடிக்கசொல்ல நான் மட்டும் சும்மா குந்திகினு கீறேன். சிஸ்டர்கிட்ட மாத்திரை வாங்குறா, டீய கண்டா வேணான்றா, இவளுக்கு இன்னான்னு லைன்ல பேசுறாளுங்க. வாயால சொல்ல முடியாத பேச்செல்லாம் பேசுறாளுங்க. வூட்டுக் காதுக்குப் போச்சின்னா எங்கப்பா நாளைக்கே என்ன நிறுத்திடும்."

கல்யாணம் ஆகாத பெண் நர்ஸிடம் போய் வருகிறாள், மாத்திரை போடுகிறாள், டீயை ஒதுக்குகிறாள் என்றால் ஊர் என்ன கணக்குப் போடும் என்பது உங்களுக்கும் தெரியும். டீ குடித்தால் ரத்தம் ஏறாது, வேலை போகும். குடிக்காவிட்டால் மானம் போகும், வேலையும் போகும்.

சிஸ்டருக்கு உடனே ஒரு யோசனை. "சுவத்துல எழுதிப் போட்டுருதேன். ரத்தம் குறைஞ்சவங்க சாப்பிட்டதும் டீ குடிக்காதீங்கன்னு."

"வேணாம் சிஸ்டர்" என்றேன். "நீங்க எழுதிப் போட்ட அன்னிக்கு யார் யார் டீ குடிக்கலன்னுதான் பார்த்துகினு இருப்பாங்க. சூப்பர்வைசரும் பார்ப்பான். ரத்தம் இல்லாத பொண்ணு இதுன்னு அங்கியே முத்திரை குத்திடுவான்."

"அப்ப என்னதான் செய்ய?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் டம்ளரோடு வரிசையில் நிற்கிறவர்களின் மனசு எனக்குத் தெரியும். ஒருத்தி மட்டும் டீ குடிக்கவில்லை என்றால் அது செய்தி. யாருக்குமே டீ இல்லை என்றால் அது வெறும் தொந்தரவு. தொந்தரவுக்குத் திட்டு வாங்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

மேனேஜரிடம் போனேன். "டீக்கு வரிசைல நின்னுகினு லேட்டா லைனுக்குப் போறாங்க சார். சாப்பாட்டோட டீய நிறுத்திட்டு மூணு மணிக்கு வண்டில வச்சி லைனுக்கே அனுப்பிடறேன்" என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம். என்னைப் புத்திசாலி என்று அவர் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மறுவாரம் சாப்பாடு முடிந்ததும் டம்ளரோடு வந்தார்கள். டீப் பாத்திரம் இருந்த இடத்தில் நெல்லிக்காயை அரைத்து வடிகட்டி உப்புப் போட்ட தண்ணீர் ஒரு அண்டா நிறைய இருந்தது. கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு டம்ளர்களால் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது.

யூனியன்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "இன்னா மாஸ்டர், டீ எங்க?"

"பால் வண்டி நேரம் மாறிப்போச்சி. இனிமே மூணு மணிக்குத்தான்."

"பால் வண்டி மாறிச்சா, இல்ல பால் வேற வூட்டுக்குப் போவுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் டீயை அத்தனை வருஷம் குடித்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. சிஸ்டர் சொல்லித்தான் நிறுத்தினேன் என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அவருடைய கூழ் பெருமையெல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வாசலில் நின்ற சிஸ்டரும் முகம் சிவந்து, எனக்காகப் பேச வாயைத் திறந்தார். நான் கூட்டத்துக்கு நடுவில் அஞ்சலையைப் பார்த்தேன். தோழிகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இவளைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை, எல்லோருடைய கண்ணும் என் மேல் இருந்தது. குனிந்து மாத்திரையை வாயில் போட்டு நெல்லிக்காய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், உங்க கூழு சட்டி அடி புடிச்சிகினு கீது. உள்ள போய்ப் பாருங்க!" என்று கத்தினேன்.

மத்தியானத்தில் ஏது கூழ்? அவருக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. கூழுக்கு சிஸ்டர் கூழ், எனக்குப் பால் மாஸ்டர். நான் நடந்து போகும்போது யாராவது "மா" என்று மாடு மாதிரி கத்துவார்கள். மூன்று மணி டீயும் முன்பு போல இல்லை என்றார்கள். அதே தூள், அதே பால், அதே கை. மனசு கோணினால் நாக்கும் கோணிவிடும் போலிருக்கிறது. காரணத்தை நான் அஞ்சலைக்கும் சொல்லவில்லை. தோழிகள் திட்டும்போது இவள் முகம் மாறினால் அதுவும் போதும் கண்டுபிடிக்க.

மார்கழியில் அரிசி மூட்டைப் பக்கம் சத்தம் நின்றது. பொங்கல் முடிந்து ரத்தம் எடுத்தார்கள். ஏறியிருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார், அஞ்சலைக்கு வேலை நிரந்தரமானது.

அந்த வாரம் லட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். நேராக சிஸ்டரிடம் போனாள். அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். லைன் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள், சூப்பர்வைசர்கூடக் கை கொடுத்தார். நான் சோறு வடித்துக்கொண்டே சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கஞ்சி கையில் பட்டதுகூடத் தெரியவில்லை. சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவர் கூப்பிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்று வாங்கும் பாராட்டு எனக்கு வேண்டாம்.

மத்தியானம் எல்லோரும் லைனுக்குத் திரும்பிய பிறகு, கடைசி லட்டோடு அஞ்சலை சமையல்கட்டுக்கு வந்தாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. பரவாயில்லை, என்னையும் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"எடுத்துக்கோ மாஸ்டர். வல்லக்கோட்டை முருகன் கோயில்ல படைச்ச லட்டு."

"சிஸ்டருக்குக் குடுத்தியா?"

"மொத சாமிக்கு, அப்பறம் சிஸ்டருக்கு" என்றாள். பிறகு அக்கம் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு ஒரு சங்கதி சொல்லட்டா? அன்னிக்கு உங்கிட்ட அழுதன் இல்ல, வூட்டுக்குப் போயி முருகன வேண்டிக்கினேன். இந்த டீயே இல்லாம பண்ணிடு சாமின்னு. மறு வாரமே பால் வண்டி லேட்டாயிடிச்சி பாரு மாஸ்டர்! உன்ன எல்லாரும் திட்டசொல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருந்திச்சி. ஆனா அது முருகன் பண்ண வேல. எப்பிடி வெளிய சொல்றது?"

சிஸ்டர் மேல் இருந்த பொறாமை போதாதென்று அன்றைக்கு முருகன் மேலும் வந்தது. ஒரு நர்ஸோடு மல்லுக்கு நிற்கலாம். சாமியோடு எப்படி நிற்பது?

"ஆமாம்மா, சக்தி உள்ள சாமி" என்றேன்.

மாத்திரையை இன்னும் சில மாதம் நிறுத்தக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அவளைப் போல் வெளுத்த முகங்கள் லைனில் இன்னும் பல இருந்தன. அதனால் நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பால் வண்டி நேரத்துக்கு வரவே இல்லை.

அன்றைக்கு அவள் கொடுத்த லட்டை வாயில் போட்டுக்கொண்டு மணியைப் பார்த்தேன். மூன்று. தூள் தூக்கலாகப் போட்டு, கெட்டியாக, முன்பு போலவே அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா இருந்தாலும் அந்தப் பழைய டீ மாதிரி இல்ல மாஸ்டர்" என்றாள்.